ஹாம் ரேடியோவில் இரைச்சல்: ஏரியல் முதல் மின்கம்பம் வரை வரிசையாகத் தேடிப் பிடிக்கும் முறை

புதிதாக ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) உரிமம் வாங்கியவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலையம் அமைத்ததும் முதலில் சொல்லும் புகார் ஒன்றுதான்: “7 மெகாஹெர்ட்ஸில் எஸ்8 இரைச்சல், யாரையும் கேட்க முடியவில்லை.” எஸ்8 என்பது கருவியின் எஸ் மீட்டர் காட்டும் சிக்னல் வலிமை. உடனே ஃபெரைட் வளையம் (வயரில் ஏறும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) வாங்குகிறார்கள், ஏரியலை மாற்றுகிறார்கள், சிலர் ரிக்கையே, அதாவது அனுப்பிக் கேட்கும் கருவியையே, மாற்றிவிடுகிறார்கள். இரைச்சல் அப்படியே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வாங்கிய எதுவும் வேலைக்கு ஆகாது. தேடுவது முதல் வேலை, வாங்குவது கடைசி வேலை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்தால் பெரும்பாலும் செலவே இல்லாமல் பாதி முடிந்துவிடும்.

1. முன்னதாகக் கையில் இருக்க வேண்டியவை

ரிக்கை ஓட்ட 12 வோல்ட் பேட்டரி ஒன்று கட்டாயம் வேண்டும். கேட்பதற்கு மட்டும்தான் என்பதால் பைக் பேட்டரி அளவே போதும். இது இல்லாமல் 6-ஆம் படியைச் செய்யவே முடியாது.

மத்திய அலை, சிற்றலை இரண்டும் எடுக்கும் சின்ன பேட்டரி ரேடியோ ஒன்று. உள்ளே ஃபெரைட் கம்பி ஏரியல் இருக்க வேண்டும். பழைய ரேடியோ வீட்டுப் பரணில் கிடந்தால் அதுவே நல்லது.

50 ஓம் டம்மி லோடு (ஏரியலுக்குப் பதிலாக மாட்டும் தடை), எஸ்டபிள்யூஆர் (ஏரியல் எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு) பார்க்க மீட்டர் அல்லது நானோ விஎன்ஏ என்ற சிறு அளவுக் கருவி, ஒரு நோட்டு, ஒரு பேனா. நோட்டை யாரும் மதிப்பதில்லை. ஆனால் தேடலை முடித்து வைப்பது பெரும்பாலும் அதுதான்.

ஃபெரைட் வளையங்களை இப்போது வாங்காதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடும் சென்னை ரிச்சி தெருவும் எங்கும் ஓடிப்போகாது.

2. ஏரியலை முதலில் ஒழுங்காக்குங்கள்

கோளாறான ஏரியலோடு இரைச்சல் தேடினால், ஏரியலின் குறையையும் சேர்த்தே துரத்துவீர்கள். ஒற்றை மாடி வீட்டுக்கு 40 மீட்டர் பட்டை இன்வெர்ட்டட் வி (நடுவில் உயர்ந்து, இரு பக்கமும் வயர்க் கைகள் சரிந்து இறங்கும் ஏரியல்) போதும். இந்தியாவில் இந்தப் பட்டை 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 7.1-க்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது: 142.65-ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.1 மீட்டர், ஒரு கைக்கு 10.05 மீட்டர். ஆனால் வெட்டும்போது கைக்கு 10.4 மீட்டர் விடுங்கள். வீட்டு வயரிங்குக்கான 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதும். அதன் பிவிசி உறை ஒத்ததிர்வை (ஏரியல் இயல்பாக அதிரும் அதிர்வெண்ணை) கொஞ்சம் கீழே இழுக்கும். கைகள் சரிந்து தொங்குவதும் அதை மாற்றும். அதனால் கடைசி நீளத்தை மேலே ஏற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு கையிலும் 1 செ.மீ. குறைத்தால் ஒத்ததிர்வு சுமார் 7 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். வயரை வெட்டாதீர்கள், நுனியை மடித்து முறுக்கிவிடுங்கள். அதிகமாகப் போய்விட்டால் பிரித்துக்கொள்ளலாம்.

கம்பத்துக்கு 40 மி.மீ. ஜிஐ குழாய், 6 மீட்டர் நீளம், நடுத்தர வகை. எடை 20 கிலோவைத் தாண்டும். ஒருவராக நிமிர்த்த முயல வேண்டாம், மூன்று பேர் வேண்டும். கைப்பிடிச் சுவரில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கிளாம்ப். மேலிருந்து அரை மீட்டர் கீழே 120 டிகிரி இடைவெளியில் மூன்று இழுகயிறுகள். எஃகுக் கம்பி வேண்டாம். அதன் நீளம் பத்து மீட்டரை நெருங்கினால் ஏரியலோடு சேர்ந்து அதுவும் ஒத்ததிரும். 6 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு போதும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பச்சை, நீலப் பிளாஸ்டிக் கயிறு இங்கத்திய வெயிலில் நூல்நூலாகப் பிரிந்துவிடும். அடுத்து வருவது ஆடிக் காற்று. அதைத் தாங்காத கட்டு எதுவும் கட்டு இல்லை.

உச்சியில் ஒரு கப்பியை மாட்டி, ஏரியலின் நடுப்பகுதியைக் கயிற்றில் ஏற்றுங்கள். சோதனைக்காக இறக்கி ஏற்ற வேண்டிவரும். கப்பி இல்லாதவர்கள் ஒவ்வொரு முறையும் கம்பத்தையே சாய்க்கிறார்கள். ஒரு நுனியைத் தென்னை மரத்தில் கட்டுவதானால் அங்கும் கப்பி போட்டு, கயிற்றின் மறுமுனையில் எடை தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் மரம் ஆடும்போது வயர் அறுந்துவிடும்.

இரு கைகளுக்கும் நடுவே கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. நுனிகள் மனிதர் கைக்கு எட்டாத உயரத்தில், குறைந்தது 3 மீட்டரில் இருக்க வேண்டும். அனுப்பும்போது நுனியில்தான் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும், தொட்டால் சுடும்.

மின்கம்பி விஷயத்தில் சமரசமே கிடையாது. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது, அதற்கு மேலும் 3 மீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஏரியல் வயரைக் கொண்டுபோகவே கூடாது. முடிந்தால் ஏரியலைத் தெரு மின்கம்பிக்குச் செங்கோணத்தில் அமையும்படி விரியுங்கள். இணையாகப் போட்டால் அந்தக் கம்பியின் இரைச்சலைக் கூடுதலாக வாங்கும்.

நடுவில் 1:1 கரண்ட் பேலன் அவசியம். எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கோஆக்ஸை (ரிக்கிலிருந்து ஏரியலுக்குப் போகும் கேபிளை) 10 முதல் 12 சுற்று சுற்றினால் அதுவே பேலன். இது இல்லாவிட்டால் கோஆக்ஸின் வெளிப்பின்னலே ஏரியலாகிவிடும். வீட்டுக்குள் இருக்கும் அத்தனை அடாப்டர் இரைச்சலும் அந்தப் பின்னல் வழியாக ஏறி, ஏரியல் நடுவில் நுழைந்து ரிக்குக்கு வந்துவிடும். வளையம் இப்போதே வாங்க வேண்டிய ஒரே இடம் இதுதான்.

3. எர்த்: பாறை மண்ணில் என்ன செய்வது

இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் இரண்டு மூன்று அடியிலேயே பாறை தட்டும். வழக்கமான எர்த் குழாய் 2.5 மீட்டர் இறங்காது. அப்படியானால் ஒரே குழியில் மல்லுக்கட்டாமல், பல குறுங்கம்பிகளை இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் இறக்கிச் செம்புக் கம்பியால் இணைத்துவிடுங்கள். சமையலறைக் கழிவுநீர் போகும் ஈரமான தோட்டப் பக்கம் நல்ல இடம்.

முக்கியமானது: ரேடியோ எர்த்தைத் தனியாக விடக் கூடாது. அதை வீட்டு எர்த்தோடு இணைக்க வேண்டும். தனித்தனியாக இருந்தால் இடி நேரத்தில் இரண்டுக்கும் நடுவே பெரும் வோல்டேஜ் வித்தியாசம் எழும். அது தணியப் பாதை தேடும்போது நடுவில் இருப்பது உங்கள் ரிக்.

எர்த் நன்றாக இருந்தால் இரைச்சல் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. எர்த் பாதுகாப்புக்கு. சித்திரை, வைகாசிக் கோடை இடி மாலையில் திடீரென்று வரும். அதனால் வேலை முடிந்ததும் கோஆக்ஸை வீட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிடும் பழக்கம் வேண்டும். மேசையில் கழற்றிப் போட்ட கோஆக்ஸ் நுனி, மின்னலை வீட்டுக்குள்ளேயே அழைத்துவந்த மாதிரிதான்.

4. மூன்று நாள் குறிப்பு

இப்போது எதையும் தொடாமல் கேட்டு எழுதுங்கள். ரிக்கிலுள்ள இரைச்சல் குறைப்பு வசதிகளான நாய்ஸ் பிளாங்கர், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ப்ரீஆம்ப்பை (சிக்னலைப் பெரிதாக்கும் வசதியை) ஒரே நிலையில் வையுங்கள். ஒருநாள் ப்ரீஆம்ப் போட்டு, மறுநாள் போடாமல் எழுதிய எண்களை ஒப்பிட முடியாது.

காலை 7, மதியம் 1, இரவு 8 என மூன்று வேளை. 3.6, 7.1, 14.2, 21.2, 28.5 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் எஸ் மீட்டர் எவ்வளவு, சத்தம் எப்படி, வெயிலா மழையா, காற்று உண்டா, அக்கம்பக்கத்தில் மோட்டார் ஓடுகிறதா என்று எழுதுங்கள். ஒரு எஸ் அலகு 6 டெசிபெல். எஸ்7-இலிருந்து எஸ்5-க்கு இறங்கினாலே இரைச்சலின் சக்தி பதினாறில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள்.

இங்கே ஒரு பொதுவான தவறு. இரவில் 40 மீட்டரில் இரைச்சல் ஏறுவதைப் பார்த்து, தெருவிளக்குதான் காரணம் என்று முடிவு கட்டுவது. இரவில் தொலைதூர இடிமழையின் சத்தமே அயனிமண்டலம் வழியாக இந்தப் பட்டைக்கு வந்து சேரும். உள்ளூர் இரைச்சலை எடைபோட மதிய நேரம்தான் சரி.

5. கோஆக்ஸைக் கழற்றிப் பாருங்கள்

ரிக்கைப் பேட்டரியில் ஓட்டி, கோஆக்ஸைக் கழற்றி டம்மி லோடை மாட்டுங்கள். இரைச்சல் விழுந்தால் அது ஏரியல் வழியாக வருகிறது. விழாவிட்டால் கோளாறு ரிக்கிலோ அதன் இணைப்புகளிலோ இருக்கிறது. கணினிக்குப் போகும் யுஎஸ்பி கேபிளை முதலில் சந்தேகப்படுங்கள்.

அடுத்து ஏரியலை இறக்கி, நடுவில் கோஆக்ஸை அவிழ்த்து, அந்த நுனியில் டம்மி லோடை மாட்டி மறுபடி மேலே ஏற்றுங்கள். வயரே இல்லாதபோதும் இரைச்சல் கேட்டால், அது கோஆக்ஸின் வெளிப்பின்னலில் வருகிறது. பேலன் போதவில்லை, அல்லது வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு சோக் (ஃபெரைட்டில் கோஆக்ஸைச் சுற்றிய தடை) வேண்டும். கப்பியை வற்புறுத்தியதன் காரணம் இதுதான்.

6. மெயினை அணைக்கும் சோதனை

தேடலின் மையம் இது. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

ரிக் பேட்டரியில் ஓடட்டும். மெயினை அணையுங்கள். இரைச்சல் போனால் காரணம் உங்கள் வீட்டில்தான். போகாவிட்டால் வெளியில்.

இதில் கண்ணி எங்கே என்றால், வீட்டில் யுபிஎஸ் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்த நொடியே அது ஓடத் தொடங்கும். விளக்கும் மோடமும் செட்டாப் பாக்ஸும் எரிந்துகொண்டேதான் இருக்கும். போதாததற்கு இன்வெர்ட்டரே தன் பங்குக்கு ஓர் இரைச்சலைச் சேர்க்கும். கேட்பவர் “சத்தம் கூடிவிட்டது, அப்படியானால் வெளியில் இருந்துதான்” என்று தெருவுக்குக் கிளம்பிவிடுவார். ஆகவே முதலில் இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சை அணையுங்கள், பிறகு மெயினை. வீட்டில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது. மேசையில் இருக்கும் மடிக்கணினியையும் மறக்காதீர்கள், அது தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்.

கூரையில் மின்கட்டத்தோடு (கிரிட்) இணைந்த சோலார் இருந்தால் இன்னொரு சிக்கல். மெயினை அணைத்தால் அந்த இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். இரைச்சல் போனதும் விளக்குகளையும் அடாப்டர்களையும் தேடிக்கொண்டு இருப்பீர்கள். இந்த வீடுகளில் சோதனையைப் பகலில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை செய்ய வேண்டும். பகலில் மட்டும் வித்தியாசம் தெரிந்தால் சோலார்தான்.

இன்னொரு வாய்ப்பை மின்வாரியமே தருகிறது. துணைமின் நிலையப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்று நாளிதழில் அறிவிப்பு வரும். அன்று உங்கள் ஊரே இருட்டு. பேட்டரியில் ரிக்கை ஓட்டி, 4-ஆம் படியின் ஐந்து இடங்களையும் எழுதிவையுங்கள். அந்த எண்தான் உங்கள் இடத்தில் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த இரைச்சல். அதற்குக் கீழே எவ்வளவு செலவு செய்தாலும் இறங்காது. தெரு வீடுகளில் இன்வெர்ட்டர்கள் ஓடும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

7. வீட்டுக்குள் பிடிப்பது

எம்சிபிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த எம்சிபியில் இரைச்சல் ஏறுகிறதோ, அதில் மாட்டியுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

வழக்கமான ஆட்கள்: மலிவான எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், ஃபைபர் மோடத்தின் அடாப்டர், செட்டாப் பாக்ஸ், சிசிடிவி பவர் சப்ளை, பிஎல்டிசி மின்விசிறி. ஒன்றைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஒரே வீட்டில் நான்கைந்து இருப்பது சாதாரணம். பெரியது போனபின்தான் சின்னது கேட்கும்.

8. சத்தத்தைக் காதால் அடையாளம் காணுதல்

வெளியில் கிளம்புவதற்குமுன் இது தெரிந்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

வினாடிக்கு 100 முறை வெடிக்கும் கரகரப்பு, எல்லாப் பட்டைகளிலும் பரவி இருந்தால் அது மின்கம்பியில் எங்கோ பொறி தாவுவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உச்சம், அதனால் 100. காய்ந்த, காற்றடிக்கும் நாளில் கூடி, நல்ல மழையில் அடங்கினால் தளர்ந்த இணைப்பு என்று சொல்லலாம். தூறலிலும் பனியிலும் கூடினால் புழுதி படிந்த இன்சுலேட்டர். குவாரி லாரிகள் ஓடும் சாலையோரக் கம்பங்களில் இந்த இரண்டாவது வகையை எதிர்பார்க்கலாம்.

டயலைத் திருப்பும்போது பல பத்து கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை ஏறி இறங்கி, மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை. அடாப்டர், எல்இடி டிரைவர் எல்லாம் இதில் அடங்கும்.

வினாடிக்கு ஒன்று வீதம் ‘டக்... டக்...’ என்று கடிகாரம் போல வந்தால் சோலார் வேலி. தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் காட்டோரத் தோட்டங்களில் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் போட்டிருப்பார்கள். நல்ல நிலையில் உள்ள வேலி அதிகம் கேட்காது. செடிகொடி உரசினாலோ இன்சுலேட்டர் உடைந்தாலோ பொறி தாவி, தூரம்வரை கேட்கும். அதாவது உங்களுக்குக் கேட்கும் டக் சத்தம், வேலியில் மின்சாரம் கசிகிறது என்பதன் அடையாளமும்கூட. தோட்டக்காரரிடம் அதைச் சொன்னால் அவரே ஆர்வமாகச் சரிசெய்வார்.

சூரியன் ஏறியபின் தொடங்கி, மேகம் மறைக்கும்போது குரல் மாறினால் சோலார் பம்ப்பின் கன்ட்ரோலர். பேனலிலிருந்து போர்வெல்லின் அருகே உள்ள பெட்டிவரை நீளும் டிசி வயர்கள் அதற்கு ஏரியல் ஆகிவிடுகின்றன.

14.030, 21.052 மெகாஹெர்ட்ஸை ஒட்டி மெல்ல நடுங்கும் ஒற்றைச் சுரம் கேட்டால் ஈதர்நெட் கேபிள்.

9. ஃபெரைட்: எங்கே, எத்தனை சுற்று

இப்போது வாங்கலாம். 40 மீட்டருக்கு 31 எண் கலவை (ஃபெரைட் பொருளின் வகை). 43 எண் கலவை 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக வேலை செய்யும்.

வயரில் கவ்வும் சின்ன ஃபெரைட்டை ஒன்று மாட்டிவிட்டு “பயனில்லை” என்பார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் ஒரே சுற்றின் தடை சில பத்து ஓம்தான். தேவை ஆயிரக்கணக்கில். தடை, சுற்றின் எண்ணிக்கையின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். இரண்டு சுற்றுக்கு நான்கு மடங்கு, பத்து சுற்றுக்குக் கிட்டத்தட்ட நூறு மடங்கு. ஆகவே ஒரு பெரிய வளையத்தில் அடாப்டரின் வயரையே 10 முதல் 12 சுற்று சுற்றுங்கள். எந்தப் பொருள் இரைச்சல் எழுப்புகிறதோ அதன் அருகில், அதன் எல்லா வயர்களிலும். லைன், நியூட்ரல், எர்த் மூன்றும் சேர்ந்தே வளையத்துக்குள் போக வேண்டும். லைனை மட்டும் தனியாகச் சுற்றினால் வளையம் நிறைவுற்றுப் பயனற்றுப்போகும்.

பழைய கணினி பவர் சப்ளையில் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத்தூள். இதற்கு உதவாது.

ஒரு அடாப்டருக்காக இத்தனை பாடுபடுவதைவிட, பழைய டிரான்ஸ்பார்மர் வகை அடாப்டர் ஒன்றை அதே வோல்டேஜில் மாட்டிவிடுவது பல இடங்களில் மலிவு.

10. தெருவில் தேடுவது

சின்ன ரேடியோவை எந்த நிலையமும் கேட்காத அதிர்வெண்ணில் வைத்து நடங்கள். ஃபெரைட் கம்பியின் நுனி இரைச்சல் மூலத்தை நோக்கும்போது சத்தம் குறையும். சத்தம் கூடும் திசையைத் தேடாதீர்கள், அது மழுங்கலாக இருக்கும். குறையும் புள்ளி கூர்மையானது. பகலில் தெளிவாகக் கேட்கும் ஒரு மத்திய அலை நிலையத்தை வைத்து இதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

மத்திய அலையில் மின்கம்பி நெடுக இரைச்சல் ஓடும், எந்தக் கம்பம் என்று தெரியாது. அருகில் வந்ததும் அதிர்வெண்ணை உயர்த்த வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும் கம்பம்தான் குற்றவாளி, அல்லது அதற்குப் பக்கத்துக் கம்பம். அதற்கு ஏஎம் முறையில் கேட்கும் கையடக்கக் கருவி வேண்டும். விமானப் பட்டை எடுப்பதாக இருந்தால் சரி. எஃப்எம் வாக்கி டாக்கியில் இந்த இரைச்சல் கேட்காது. பலர் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து களைத்துப் போகிறார்கள்.

கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, ஸ்டே கம்பியை ஆட்டுவது இரண்டும் கூடவே கூடாது. பொறி தாவும் கம்பத்தில் எது தளர்ந்திருக்கிறது என்று கீழிருந்து தெரியாது.

பக்கத்து வீடாக இருந்தால், உங்கள் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டே போங்கள். ரேடியோவைக் கையில் கொடுத்து, “அண்ணா, இந்த அடாப்டரை ஒரு நிமிஷம் பிடுங்கிப் பார்க்கலாமா?” என்று கேட்டால் அவரே காதால் கேட்டுப் புரிந்துகொள்வார். மாற்று அடாப்டரை நீங்களே கொண்டுபோங்கள். சோலார் பம்ப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி இருக்கும், உத்தரவாதமும் போய்விடும். வெளியே டிசி வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, சோக் போடுவதை நிறுவியவரிடம் கேளுங்கள். நீர் பாய்ச்சும் பருவத்தில் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

11. மின்வாரியத்தில் சொல்வது

“ரேடியோவில் சத்தம்” என்றால் புகார் எழுதுபவருக்கு எந்தக் கட்டத்தில் போடுவது என்றே தெரியாது. கம்பத்தின் எண், டிரான்ஸ்பார்மரின் பெயர், உங்கள் மின் இணைப்பு எண், எந்த நேரத்தில், எந்த வானிலையில் என்பதை எழுதிப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கொடுங்கள். “இந்தக் கம்பத்தில் பொறி தாவுவதாகத் தெரிகிறது, ஜம்பரையும் இன்சுலேட்டரையும் பார்க்க வேண்டும்” என்று எழுதினால் அது லைன்மேனுக்குத் தெரிந்த வேலை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்திலும் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பராமரிப்பு மின்தடை நாளுக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்தால், கம்பி அணைந்திருக்கும்போதே பார்த்துவிட வாய்ப்பு அதிகம்.

12. நீங்கள் அனுப்பும்போது அடுத்தவருக்குத் தொந்தரவு என்றால்

டிவி உறைகிறது, ஸ்பீக்கரில் உறுமல் வருகிறது, ஆர்சிசிபி (மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) தானாக விழுகிறது. முதலில் உங்கள் வீட்டு டிவியில் அது நடக்கிறதா பாருங்கள். உங்கள் வீட்டில் சுத்தமாக இருந்து பக்கத்து வீட்டில் மட்டும் வந்தால், பெரும்பாலும் அங்குள்ள ஸ்பீக்கர் வயரோ கேபிள் இணைப்போ வாங்குகிறது. அந்த வயரில் ஃபெரைட் சுற்றினால் அடங்கும்.

சக்தியைப் பாதியாக்கிப் பாருங்கள். 50 வாட்டில் வரும் உறுமல் 25-இல் நின்றுவிட்டால் எல்லையில் இருக்கிறீர்கள். ஏரியல் நுனியை அவர்கள் வீட்டுச் சுவரிலிருந்து சில மீட்டர் தள்ளினாலே போதும். எந்தச் சக்தியிலும் எல்லா டிவியிலும் வந்தால் கோஆக்ஸ் இணைப்பான்களையும், ரிக்கை அடுத்து லோபாஸ் ஃபில்டர் (உயர் அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆர்சிசிபி விழுந்தால் கோஆக்ஸ் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக் போட்டபின் மறுபடி சோதியுங்கள். ஆர்சிசிபியைக் கழற்றி நேராக இணைத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எந்த நாள், எந்த நேரம், எந்த அதிர்வெண், எத்தனை வாட் என்று உங்கள் லாக் புத்தகத்தில் இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்கா “நேத்து ராத்திரி சீரியல் நடுவுல படம் போச்சு” என்று சொல்லும்போது, அந்த நேரத்தில் நீங்கள் ரிக்கையே தொடவில்லை என்பது பாதிக்குப் பாதி அதிலிருந்தே தெரிந்துவிடும்.